2 ஜிபி ராமில் புரோகிராம் கோடை (நிரலை) மடிக்கும் எடிட்டர்: என் அனுபவம்
வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு எழுதிக் கொடுத்த பில்லிங் ஸ்கிரிப்ட், பைத்தானில் 3000 வரி. ஜிஎஸ்டி கணக்கை மட்டும் திருத்த வேண்டும். மற்ற ஃபங்ஷன்களை மடித்து, அதாவது உள்வரிகளை மறைத்துத் தலைப்பு வரி மட்டும் தெரிய வைக்காமல், அந்த இடத்தைத் தேடவே கண் வலித்தது.

என் பழைய லினக்ஸ் லேப்டாப்பில் 2 ஜிபி ராம்தான். பெரிய எடிட்டர் ஒன்றைப் போட்டேன், மவுஸே நகரவில்லை. சிஸ்டத்தோடு வந்ததில் மடிக்கும் வசதியே இல்லை. விம் என்ற எடிட்டரில் 'செட் ஃபோல்ட்மெத்தட்=இன்டென்ட்' கொடுத்தால் மடிகிறது; கடைப் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கடைசியில் ஜீனி என்ற சின்ன எடிட்டர். சட்டென்று திறந்தது. ஆனால் மடிக்கவும் விரிக்கவும் இடது ஓரத்தில் வரவேண்டிய கூட்டல், கழித்தல் குறிகள் ஒன்றுகூட இல்லை. பிரிஃபரன்ஸில் மடிக்கும் வசதி டிக் ஆகித்தான் இருந்தது. ஜீனியையே அழித்துத் திரும்பப் போட்டும் அதே கதை. இரண்டு நாள் போச்சு.

அப்புறம்தான் கவனித்தேன், எழுத்தெல்லாம் ஒரே கறுப்பு; பைத்தான் என்று தெரிந்திருந்தால் ஜீனி கலர் கலராகக் காட்டியிருக்கும். பேக்கப் எடுத்தபோது ஃபைல் பெயரின் கடைசியில் '.ஓல்டு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரின் கடைசியைப் பார்த்து மொழியைக் கண்டுபிடிக்கிற ஜீனி, எந்த மொழி என்று தெரியாமல் எங்கே மடிக்கும்? டாக்குமெண்ட் மெனுவில் 'செட் ஃபைல்டைப்' போய் பைத்தானைத் தேர்ந்தெடுத்ததும் குறிகள் வரிசையாக வந்து நின்றன. பிறகு பெயரின் கடைசியையே பைத்தானுக்குரிய '.பிஒய்' என்று மாற்றிவிட்டேன். அப்பாடா!