கார்ல ஈசிஎம் (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போயிடுச்சுன்னு சொன்னா முதல்ல என்ன பாக்கணும், எப்படி மாத்தணும்

வண்டி செல்ஃப் அடிக்குது ஆனா ஸ்டார்ட் ஆகல, கோளாறு கோடு படிக்கிற ஸ்கேனர் போட்டா லிங்க்கே ஆகல, உடனே "ஈசிஎம் போயிடுச்சு சார்"னு சொல்லிடறாங்க. தயவுசெஞ்சு அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க. விலை கொஞ்ச நஞ்சம் இல்ல, எலக்ட்ரானிக் பார்ட்ஸ ஒரு தடவை வாங்கிட்டா கடைக்காரங்க பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கவும் மாட்டாங்க. கழட்டி மாட்டறது நாலு போல்ட்டு, ரெண்டு கனெக்டர், அவ்ளோதான். உண்மையிலேயே அதுதான் போச்சான்னு உறுதி பண்றதும், போயிருந்தா எது அத காலி பண்ணுச்சுன்னு கண்டுபிடிக்கறதும்தான் பெரிய வேலை.

முதல்ல பேட்டரி, ஃப்யூஸ், ஈசிஎம்க்கு கரண்ட் கொடுக்கற மெயின் ரிலே, இதெல்லாம் பாருங்க. சாவி ஆன் பண்ணா செக் இன்ஜின் லைட் வரணும், வரலன்னா பொதுவா ஈசிஎம்க்கு கரண்ட் போகலன்னு அர்த்தம், ஈசிஎம் செத்துடுச்சுன்னு இல்ல. இங்க நிறைய பேர் மல்டிமீட்டர் மட்டும் வெச்சு பாத்துட்டு 12 வோல்ட் வருதுன்னு விட்டுடறாங்க. ஒயருக்குள்ள எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். அதனால இண்டிகேட்டர்ல போடுற 21 வாட் பல்பு ஒண்ணுல ரெண்டு ஒயர் இழுத்து, ஈசிஎம் கனெக்டர கழட்டி, அந்த பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல கொடுத்து பாருங்க, பல்பு நல்லா பளிச்சுனு எரியணும், மங்கலா எரிஞ்சா ஒயரிங்லதான் கோளாறு. பின்னுக்குள்ள தடியான ஊசிய குத்தாதீங்க, உள்ள இருக்குற கிளிப்பு விரிஞ்சுடும், அப்புறம் புதுசா ஒரு லூஸ் கான்டாக்ட்ட நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும். எர்த்துக்கு தனியா ஒரு டெஸ்ட் இருக்கு, கனெக்டர் மாட்டின நிலையில சாவி ஆன்ல வெச்சு, மீட்டர் ஒரு முனை ஈசிஎம் எர்த் ஒயர்ல, இன்னொரு முனை பேட்டரி மைனஸ்ல வைங்க, 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது, செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்க.

அடுத்தது 5 வோல்ட் லைன், என்னைக் கேட்டா இதுதான் ரொம்ப முக்கியம். மேப் சென்சார் (இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்த அளக்கறது), த்ராட்டில், ஆக்சிலரேட்டர் பெடல் எல்லாத்துக்கும் ஈசிஎம்தான் 5 வோல்ட் கொடுக்குது, அதுல ஏதாவது ஒரு சென்சார் உள்ள ஷார்ட் ஆனா லைன் மொத்தமும் படுத்துடும், வண்டி ஸ்டார்ட் ஆகாது, சில வண்டில ஸ்கேனர் கூட பேசாது, பாக்கறதுக்கு அப்படியே ஈசிஎம் போன மாதிரியே இருக்கும். சென்சார் கனெக்டர்ல 5 வரலன்னா அந்த லைன்ல இருக்குற சென்சார்கள ஒவ்வொண்ணா கழட்டிட்டே வாங்க, எத கழட்டும்போது 5 திரும்ப வருதோ அதுதான் கோளாறு. ஏசி பிரஷர் சென்சார மறந்துடாதீங்க, முன்னாடி கண்டன்சர் பக்கத்துல இருக்கும், லேசா இடிச்சாலோ தண்ணி போனாலோ அடிபடும், அதுக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகாததுக்கும் சம்பந்தம் இருக்கும்னு யாருக்கும் தோணாது.

லிங்க் ஆகலன்னா கேன் லைனையும் பாக்கணும், ஈசிஎம்மும் வண்டில இருக்குற மத்த கம்ப்யூட்டர்களும் பேசிக்கற ரெண்டு ஒயர் அது. பேட்டரி மைனஸ கழட்டிட்டு ஸ்கேனர் மாட்டற ஓபிடி கனெக்டர்ல 6ம் பின்னுக்கும் 14ம் பின்னுக்கும் நடுவுல ஓம்ஸ் பாருங்க, 60 கிட்ட இருக்கணும். 120 காட்டினா ஒரு பக்கம் அறுந்திருக்கு, பூஜ்யத்துக்கு பக்கத்துல காட்டினா ஷார்ட். நடுவுல கேட்வேன்னு ஒரு பாக்ஸ் வெச்ச புது வண்டில இந்தக் கணக்கு சரியா வராது, அதுக்கு ஒயரிங் டயக்ராம் பாத்துத்தான் பண்ணணும்.

இதெல்லாம் சரியா இருந்து, ஈசிஎம் உள்ளயே கோளாறுன்னு சொல்ற பி0601, பி0606 மாதிரி கோடு அழிச்சாலும் திரும்பத் திரும்ப வந்தா அப்போ ஈசிஎம் மேல சந்தேகப்படலாம். வெள்ளத்துல மூழ்கின வண்டின்னா, 2015லயும் 2023 டிசம்பர்லயும் சென்னைல எத்தனை வண்டி மூழ்குச்சுன்னு தெரியும்ல, கனெக்டர கழட்டின உடனே பின்கள்ல பச்சையா களிம்பு தெரியும். ஒயரிங் பக்கமும் அதே களிம்பு இருக்கும், அத சுத்தம் பண்ணாம புது ஈசிஎம் மாட்டினா அதுவும் கொஞ்ச நாள்ல போயிடும்.

பழசு ஏன் போச்சுன்னு பாக்காம புதுசு மாட்டவே மாட்டாதீங்க. இக்னிஷன் காயில் ஷார்ட் ஆனா ஈசிஎம் உள்ள அத ஓட்டுற டிரைவர் ஐசி எரிஞ்சுடும், காயில மாத்தாம புது ஈசிஎம் மாட்டினா சாவி போட்ட உடனேயே அதுவும் எரியலாம். பெட்ரோல் இன்ஜெக்டர் பெரும்பாலும் 12லிருந்து 16 ஓம் இருக்கும், ஒண்ணு மட்டும் ரொம்ப குறைவா காட்டினா அத மாத்திடுங்க. ஆல்டர்நேட்டர் 15 வோல்ட்ட தாண்டி சார்ஜ் பண்ணுதா, யாராவது ஜம்ப் ஸ்டார்ட்ட ப்ளஸ் மைனஸ் மாத்தி கொடுத்தாங்களா, பேட்டரி கழட்டாம பாடில வெல்டிங் வெச்சாங்களான்னு கேட்டு தெரிஞ்சுக்கோங்க.

வாங்கும்போது மேல ஸ்டிக்கர்ல இருக்குற பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகணும், அதே மாடல் அதே வருஷம்னு மட்டும் நம்பி வாங்காதீங்க. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விக்கற இடத்துல பழசு கிடைக்கும், விலையும் கம்மி, ஆனா அது இன்னொரு வண்டி சாவிக்கு பழகினது. இம்மொபைலைசர் (திருட்டுத் தடுக்க சாவிய சரிபாக்கற சிஸ்டம்) விடாது, ஸ்டார்ட் ஆகாது, இல்ல ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல நின்னுடும். அதனால உங்க பழைய ஈசிஎம்ல இருக்குற டேட்டாவ அதுக்குள்ள குளோன் பண்ணணும், அதாவது அப்படியே காப்பி பண்ணணும், இல்லன்னா அந்த வண்டியோட இம்மொபைலைசர், சிப் சாவியோட செட்டா வாங்கணும். பில்லு இல்லாம வாங்காதீங்க. பழசுல டேட்டா படிக்க முடியற நிலைமைல இருந்தா குளோன் பண்றதுதான் சுலபம், போர்டுல ஒரு ஐசி மட்டும் போயிருந்தா அத மாத்தியே சரி பண்ணிடலாம், அதுக்கு மொதல்ல போங்க.

கழட்டறதுக்கு முன்னாடி ஸ்கேனர் பேசுச்சுன்னா சேசிஸ் நம்பர், டீசல் வண்டின்னா இன்ஜெக்டர் கோடு எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து வைங்க. சாவிய எடுத்துட்டு சில நிமிஷம் விட்டு பேட்டரி மைனஸ கழட்டுங்க. கனெக்டர்ல லீவர் இருக்கும், லாக்க அமுக்கி லீவர தூக்கினா தானா வெளிய வரும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினா உடைஞ்சுடும். பின்ன கையால தொடாதீங்க. ரப்பர் சீல் மடங்காம உக்காருதான்னு பாருங்க.

புது ஈசிஎம்ல டேட்டா எழுதற கோடிங் பண்ணும்போது வோல்டேஜ் விழவே கூடாது, பாதில விழுந்தா புது ஈசிஎம் அங்கேயே செத்துடலாம். நல்ல ஸ்டெடியான பவர் சப்ளை போட்டு 13 வோல்ட் கிட்ட வைங்க, லைட்டு ப்ளோயர் எல்லாம் ஆஃப், லேப்டாப்பும் சார்ஜர்ல இருக்கட்டும், முடியற வரைக்கும் சாவிய யாரும் தொடக் கூடாது. அப்புறம் சாவி மேட்சிங், சேசிஸ் நம்பர், த்ராட்டில் லேர்னிங் (த்ராட்டில் நிலைய புது ஈசிஎம்க்கு பழக்கறது) எல்லாம் பண்ணணும். டீசல்ல இன்ஜெக்டர் கோடு எழுதாம விட்டா வண்டி ஓடும், ஆனா நாக் சத்தமும் புகையும் வரலாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல்னா டிபிஎஃப்ல (புகைல இருக்குற கரிய பிடிக்கிற ஃபில்டர்) எவ்ளோ சாம்பல் சேந்திருக்குங்கற கணக்கையும் பழசுலேர்ந்து எடுத்து எழுதணும், இல்லன்னா புது ஈசிஎம் ஃபில்டர் காலியா இருக்குன்னு நினைச்சுக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் ஏபிஎஸ், ஸ்டியரிங்ல ஈசிஎம்மோட பேச முடியலன்னு சொல்ற யூ0100னு கோடு நிக்கும், அது நீங்க கனெக்டர கழட்டினதால வந்தது, அழிச்சுடுங்க. ஒரு 20, 30 கிலோமீட்டர் ஏசி போட்டு ஓட்டிட்டு வந்து திரும்ப ஸ்கேன் பண்ணுங்க, பழைய கோடே திரும்ப வந்தா ஈசிஎம்ம விட்டுட்டு அந்த ஒயர கைல பிடிச்சுட்டு கடைசி வரைக்கும் போங்க. பழைய ஈசிஎம்ம எடைக்கு போடாதீங்க, உங்க வண்டி டேட்டா அதுலதான் இருக்கு.