வாரா வாரம் ஆடியும் ஆட்டம் ஏறவில்லையா? ஞாயிற்றுக்கிழமைக் காற்பந்துக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில், செந்தூலிலோ செராசிலோ ஏதாவது ஒரு திடலில் ஞாயிறு காலை நின்று பாருங்கள். முப்பது வயதைத் தொட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். வாரத்தில் இரண்டு இரவு ஃபுட்சால் (சின்னக் கோர்ட்டில் ஐவர் ஐவராக ஆடும் காற்பந்து), ஞாயிறு பெரிய திடல் என்று வருடக்கணக்கில் விடாமல் ஆடுகிறவர். அன்று எப்படி ஆடினாரோ இன்றும் அப்படியேதான் ஆடுகிறார். மூச்சு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வாங்குகிறது. கேட்டால், "டைம் இல்ல பாஸ், இன்னும் நிறைய ஆடணும்" என்பார். நிறைய ஆடினால் ஏற்கெனவே இருக்கும் பழக்கம் இன்னும் இறுகும், அவ்வளவுதான். ஆடுவது வேறு, பழகுவது வேறு.

90 நிமிட ஆட்டத்தில் ஒருவர் காலில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம்தான் தேறும். நாம் யூடியூப் பார்த்துப் பழகும் ஸ்டெப் ஓவர், எலாஸ்டிகோ போன்ற ஏமாற்று வித்தைகள் எல்லாம் அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கானவை. மீதி நேரம் முழுக்க நாம் எங்கே நிற்கிறோம், எதைப் பார்க்கிறோம், என்ன கத்துகிறோம் என்பதைக் கேட்பார் இல்லை. நம் தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கின்றன.

பந்து வந்த பிறகு தலையைத் தூக்குவது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான் என்பேன். சென்டர் பேக்கிடமிருந்து, அதாவது நடுவில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரரிடமிருந்து, மத்திய திடல் ஆட்டக்காரருக்குப் பந்து வருகிறது. அவர் கண் பந்தை விட்டு நகரவில்லை. நெஞ்சு, இடுப்பு, இரண்டு கால் எல்லாமே சொந்தக் கோலைப் பார்த்தபடி இருக்கின்றன. பந்தை அடிப்பாதத்தால் மிதித்து நிறுத்துகிறார். அப்புறம்தான் தலை நிமிர்கிறது. அதற்குள் ஒருவன் முதுகோடு ஒட்டிவிட்டான், இன்னொருவன் பக்கவாட்டில் வந்துவிட்டான். ஒன்று, பந்து வந்த வழியே திரும்பிப் போகும், இல்லையென்றால் பறிபோகும். "ஆளே இல்லையேடா, திரும்ப வேண்டியதுதானே!" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் சொல்வது உண்மைதான். பந்து கிளம்பியபோது பின்னால் யாருமே இல்லை. அது இவருக்குத் தெரியாது.

பந்து கூட்டாளியின் காலை விட்டுக் கிளம்பும் முன்பே ஒருமுறை, வந்துகொண்டிருக்கும்போது இன்னொருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரிமியர் லீக் மத்திய திடல் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகக் காட்டும் காணொளிகளை வைத்து இதையே ஆராய்ந்தார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்கள், அதிலும் முன்னோக்கிப் போடும் பாஸ்கள், அதிகமாகப் போய்ச் சேருகின்றன என்று கண்டார். மத்திய திடலில் பேர்போன சாவியும் லாம்பார்டும் ஓயாமல் தலையைத் திருப்புகிற ரகம். இதற்கு வேகமும் வேண்டாம், இளமையும் வேண்டாம். நாற்பது வயதில்கூடப் பழகிக்கொள்ளலாம் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பார்த்தால் மட்டும் போதாது, உடம்பும் திறந்திருக்க வேண்டும். சொந்தக் கோலுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, பந்தை அருகில் இருக்கும் காலால் தடுக்காமல் தாண்டிப் போகவிட்டு, தள்ளியிருக்கும் காலின் உட்பக்கத்தால் வாங்கினால் முதல் டச்சிலேயே முன்னால் திரும்பிவிடுகிறோம். பந்தை நிறுத்துவதைவிட, அடுத்த அடி வைக்கப்போகும் இடத்துக்கு அதை நகர்த்துவதுதான் நல்ல டச்.

பழக ஒரு சுவர் போதும். பிளாட்டுக்குக் கீழே யாரும் திட்டாத ஒரு சுவரைத் தேடிக்கொள்ளுங்கள். பந்தைத் தட்டிவிட்டதும், அது திரும்பி வருவதற்குள் ஒருமுறை பின்னால் பாருங்கள். நண்பர் ஒருவர் பின்னால் நின்று விரலைக் காட்டினால் இன்னும் நல்லது. எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே பந்தை வாங்க வேண்டும். இரண்டு டச், இரண்டு கால், கால் மணி நேரம். இடது காலுக்கு முதலில் வெறுப்பாகத்தான் இருக்கும். கோலாலம்பூரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் வலது காலை வைத்தே வாழ்க்கையை ஓட்டுகிறார்கள் என்பதால், இரண்டு காலும் ஓரளவு பேசினாலே நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

ஃபுட்சாலைப் பெரிய திடலுக்குத் தூக்கிவருவது

மேலே சொன்ன அந்த மிதித்து நிறுத்தும் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஃபுட்சால் கோர்ட்டிலிருந்துதான். அங்கே அது தவறில்லை. நான்காம் அளவுப் பந்து, அதிகம் எகிறாது, தரை சமமாக இருக்கும், இடம் குறுகல். அடிப்பாதத்தால் நிறுத்துவதும் நுனிக்காலால் குத்தி அடிப்பதும் அங்கே செல்லும். பெரிய திடலில் பந்து ஐந்தாம் அளவு. மேடு பள்ளமான புல்லில், மழைக்குப் பின் சேற்றில், அது எங்கே எகிறும் என்று சொல்ல முடியாது. ஃபுட்சால் கோல் 3 மீட்டர் அகலம், இங்கே 7.32. ஃபுட்சால் மட்டுமே ஆடுகிறவருக்குத் தலையால் முட்டத் தெரியாது, 30 மீட்டர் பாஸ் வராது, பந்து மறுபக்கம் இருக்கும்போது எங்கே நிற்பதென்றும் தெரியாது. ஃபுட்சாலை விடச் சொல்லவில்லை. நெருக்கடியில் பந்தைக் காக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் மாதத்தில் இரண்டு முறையாவது பெரிய திடலில், நீளமான பாஸுக்கும் ஹெட்டருக்கும் மட்டுமே நேரம் ஒதுக்குங்கள்.

வார்ம் அப் என்ற பெயரில் கோலைப் பிளப்பது

காரை விட்டு இறங்கி, காலில் பூட்டை மாட்டி, நேராக 30 மீட்டர் தூரத்தில் வரிசை கட்டி நின்று ஆளுக்கொரு ஷாட். இதைத்தான் நாம் வார்ம் அப் என்கிறோம். மலேசிய ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி செய்த புண்ணியம் இது. 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராகப் பினாங்குக்காக அவர் அடித்த ஃப்ரீ கிக் காற்றிலேயே திசை மாறிக் கோலுக்குள் போனது. ஆண்டின் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஷ்காஷ் விருதையும் வாங்கித் தந்தது. மலேசியர் யாருக்கும் அதில் பெருமை இல்லாமல் இருக்காது. அதற்காகக் குளிர்ந்த தொடையை வைத்துக்கொண்டு முழு பலத்தோடு பந்தை உதைத்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே தொடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் உங்களுக்கு எத்தனை முறை 30 மீட்டர் ஃப்ரீ கிக் கிடைக்கிறது என்றும் யோசித்துப் பாருங்கள். பத்து மீட்டர் பாஸ் எத்தனை முறை கிடைக்கிறது?

இதற்கென்றே ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம் அப் முறை இருக்கிறது. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம். மெதுவான ஓட்டத்தில் தொடங்கி, வயிறு, தொடை, சமநிலை, குதித்தல் என்று போய், வேகமான ஓட்டத்தில் முடியும். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவி எதுவும் வேண்டாம், காணொளி இலவசம். அதில் முட்டி போட்டு மெல்ல முன்னால் சாய்கிற பயிற்சி ஒன்று வரும். பின்தொடைக்கானது. எல்லோரும் முனகுவது அதற்குத்தான், விடக்கூடாததும் அதுதான்.

எல்லோரும் ஸ்ட்ரைக்கர்

வயதானவர்கள் தே தாரேக்கோடு உட்கார்ந்து எழுபதுகளின் மலேசிய அணியைப் பற்றிப் பேசும்போது கவனியுங்கள். கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர் மொக்தார் டஹாரி பெயர் வரும், சரி. அடுத்து வருகிறவர்கள் யார்? நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம். அப்புறம் எம். சந்திரன், சந்தோக் சிங், சோ சின் அவுன். மூவரும் தற்காப்பு ஆட்டக்காரர்கள். நம் ஞாயிற்றுக்கிழமை அணியிலோ, தாமதமாக வந்தவரும் தொப்பை வைத்தவரும்தான் பின்னால் போகிறார்கள். கோல் காவலர் இடம் கிட்டத்தட்டத் தண்டனை மாதிரி.

ஒவ்வொரு வாரமும் கிடைத்த இடத்தில் ஆடினால் எந்த இடமும் கைவராது. ஆறு மாதம் ஒரே இடத்தில் ஆடுங்கள். ரைட் பேக் (வலது ஓரத் தற்காப்பு) என்றால் ரைட் பேக்தான். பந்து இடது ஓரத்தில் இருக்கும்போது உள்ளே எவ்வளவு நகர்வது, உங்கள் ஓரத்தில் தாக்கும் விங்கர் முன்னால் ஓடினால் நீங்கள் நிற்பதா போவதா என்பதெல்லாம் அந்த ஆறு மாதத்தில்தான் புரியும். அந்த இடத்தில் ஆடும் ஒருவரை மட்டும் தொலைக்காட்சியில் ஒரு பாதி முழுக்கப் பந்தை மறந்து கவனித்தால் இன்னும் சீக்கிரம் புரியும். அரங்கத்துக்கே போய்ப் பார்ப்பது அதைவிட மேல். தொலைக்காட்சி பந்தைத்தான் துரத்தும்.

வாய்

நம் திடலில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் கத்துவார்கள். ஆனால் பாதி, நடந்து முடிந்ததைப் பற்றி. "ஏன்டா பாஸ் பண்ணல?" என்பதால் யாருக்கும் பயனில்லை. "பின்னால ஆளு!", "டைம் இருக்கு, திரும்பு!", "இடது காலி!" இவை பயன்படும். பந்து காலில் இருப்பவருக்குக் கண் முன்னால்தான். அவருக்குப் பின்னால் நீங்கள்தான் கண். பறிகொடுத்தவரைத் திட்டும் நேரத்தில் நான்கைந்து நொடி பின்னால் ஓடினால் பந்தே திரும்பக் கிடைக்கலாம்.

பூட், வயிறு, வானம்

பழைய பொருள் விற்கும் பண்டல் கடையில் நல்ல பிராண்டு பூட் மலிவாகக் கிடைத்தது என்று நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அடியைத் திருப்பிப் பாருங்கள். எஃப்ஜி என்பது இயற்கைப் புல்லுக்கானது; அடியில் இருக்கும் குமிழ்கள் (ஸ்டட்) நீளமாக, குறைவாக இருக்கும். இன்று கோலாலம்பூரில் வாடகைக்குக் கிடைப்பதில் நிறையவும் செயற்கைப் புல் திடல்கள். அதில் எஃப்ஜி பூட்டோடு சட்டென்று திரும்பினால் உடம்பு திரும்பும், பாதம் புல்லில் மாட்டி நிற்கும். அந்த முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும். நீளமான செயற்கைப் புல்லுக்கு ஏஜி, குட்டையான புல்லுக்குச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டிஎஃப். ஒரே ஒரு பூட்தான் வாங்க முடியும், ஆடுவது பெரும்பாலும் செயற்கைப் புல்லில் என்றால் டிஎஃப் வாங்குவது புத்திசாலித்தனம். கடையில் கொஞ்சம் மட்டமாகத் தெரியும், பரவாயில்லை.

ஒன்பது மணி ஆட்டத்துக்கு எட்டு மணிக்குச் சம்பல் வழிய நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடாதீர்கள்; கனமான சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். தண்ணீரைத் திடலுக்கு வந்து குடிக்கத் தொடங்கினால் தாமதம். இரவு பத்து மணிக்கு ஃபுட்சால், அப்புறம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் விடிகாலை வரை அரட்டை, மறுநாள் ஆட்டம் என்ற கணக்கு இருபது வயதில் செல்லும். தித்திவங்சா ஏரியை மெதுவாகச் சுற்றி ஓடுவது நல்லதுதான். ஆனால் காற்பந்து நின்று நின்று பாய்கிற விளையாட்டு. 20 மீட்டர் முழு வேகம், நடந்து திரும்புதல் என்று பத்து முறை ஓடிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் நெஞ்சில் இறுக்கம் வந்தால் வாயு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். உடனே வெளியே வாருங்கள்.

வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை ஆட்ட நேரமும் இடிமழை நேரமும் ஒன்றாக வரும், குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில். 2016இல் மலாக்காவில் பயிற்சியின்போது மின்னல் தாக்கிய ஓர் இளம் கோல் காவலர் சில வாரங்களில் இறந்துபோனார். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியும் கூடாரமும் பாதுகாப்பில்லை. கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். கோர்ட் வாடகை போகிறதே என்ற கவலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சுளுக்கு எடுக்க ஓடுவது

கணுக்கால் பிசகிவிட்டது. வீங்குகிறது. அன்று மாலையே எண்ணெயோடு சுளுக்கு எடுக்கிறவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அவர் நல்ல மனிதர்தான், கையும் ராசியான கைதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே தசைநார் கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது அழுத்தி உருவினால் வீக்கம் கூடும், ஆறும் நாளும் தள்ளிப் போகும். எலும்பில் விரிசல் இருந்தால் கேட்கவே வேண்டாம். துணிக் கட்டு போட்டு, காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸைக் கால் மணி நேரம் வைத்தாலே அன்றைக்குப் போதும். நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

வலி போனதும் காயம் ஆறிவிட்டதாக நினைத்து மறு ஞாயிறே இறங்குகிறவர்கள்தான் அதே காலை மறுபடி பிசக்கிக்கொள்கிறார்கள். பிசகிய காலில் மட்டும் நின்று பல் துலக்கிப் பழகுங்கள். அடுத்து, அந்த ஒரே காலில் பத்து முறை குதித்துப் பாருங்கள்; பிறகு நல்ல காலில். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடித் திரும்பினாலும் வலிக்கக்கூடாது. அதுவரை வாட்ஸ்அப் குழுவின் பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்காதீர்கள். ஆள் குறைகிறது என்று யார் கெஞ்சினாலும் சரி.