'புதிதாக வந்திருக்கிறது' என்று எழுதும் முன்

போன வாரம் ஒரு ரேடியாலஜி பி.ஜி. மாணவர் எழுதிய ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தது. மூளை ரத்தக்குழாய்ப் புடைப்புக்குக் 'காயில்' (கம்பிச்சுருள்) போட்டு நான்கு வருடமான நோயாளி. 'வலது நடு மூளைத் தமனியில் புதிதாக 3 மி.மீ. அனியூரிசம்' என்று எழுதியிருந்தார்.

"பழைய படம் பார்த்தியாப்பா?"

"பழைய ரிப்போர்ட்ல இல்ல சார்."

15 வருடம் முன்பு நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

மூளை ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் சுவர் நொந்துபோய்ப் புடைப்பதுதான் அனியூரிசம். தலையைத் திறந்து கிளிப் போட்டாலும் சரி, தொடை வழியாகக் குழாய் விட்டு பிளாட்டினம் காயிலால் நிரப்பினாலும் சரி, வைத்தியம் அந்த ஒரு புடைப்புக்குத்தான். சுவர் பலவீனப்படும் உடம்பு அப்படியே இருக்கிறது. அதனால் சில வருடம் கழித்து வேறு இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பலாம். பெரும்பாலான ஆய்வுகளில் இது ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்கும் குறைவுதான். 'புதிது' என்ற சொல் ரிப்போர்ட்டுகளில் அதைவிடத் தாராளமாகப் புழங்குகிறது. மறுபரிசோதனையில் நாம் செய்யும் தவறுகள் இவை.

ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்ததாக நினைப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அதற்கு ஐந்து வருடம் முன்பு வேறொரு அனியூரிசம் வெடித்து, காயில் போட்டுப் பிழைத்தவர். மறுபரிசோதனை எம்.ஆர்.ஏ.வில் (எம்.ஆர்.ஐ. மெஷினில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) நடு மூளைத் தமனி பிரியும் இடத்தில் சின்னப் புடைப்பு. பழைய ரிப்போர்ட்டில் 'வேறு அனியூரிசம் இல்லை' என்றிருந்தது. 'புதிது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஐந்து வருடத்துக்குள் முளைத்தது என்றால் அறுவை நிபுணர் சும்மா விடுவாரா? தேதி குறித்தாயிற்று. மகன் நகையை அடகு வைத்தார்.

அட்மிஷன் அன்று அந்த மகன் ஒரு மஞ்சப்பை கொண்டுவந்தார். பரண் சூட்டில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் பிரிக்கப் பட்டையாக உரிந்தன. அடியில் ஒரு டிஸ்க் மட்டும் தப்பியிருந்தது. எங்கள் சீஃப் அதைப் போட்டு, பழைய ஆஞ்சியோவை (குழாய்க்குள் சாய மருந்து செலுத்தி எடுத்த படம்) ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினார். நேர்ப்படத்தில் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்திருந்தன. சாய்த்து எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே புடைப்பு. அளந்தார். ஒரு துளியும் மாறவில்லை. என்னைப் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்து வருடம் அசையாமல் கிடந்த 3 மி.மீ. புடைப்பும், ஐந்து வருடத்துக்குள் இல்லாத இடத்தில் வளர்ந்த 3 மி.மீ. புடைப்பும் ஒன்றல்ல. முன்னதைக் கண்காணித்துக்கொண்டு காத்திருக்கலாம். பின்னது வேகம் காட்டிவிட்டது. இதை மாற்றிச் சொல்வதும் அதே அளவு ஆபத்து: 'அது அப்பவே இருந்ததுதான்' என்று ஊகத்தில் எழுதினால், நிஜமாகவே வளர்வது கண்ணில் படாமல் போகும்.

மூன்றாவது ஒரு ரகமும் உண்டு. வைத்தியம் பார்த்த அதே புடைப்பில் காயில் அமுங்கி, புடைப்பின் கழுத்துப் பகுதியில் மறுபடி ரத்தம் ஏறுவது. அது திரும்ப வந்தது, புதிது அல்ல.

பழைய ஆஞ்சியோ கையில் கிடைத்ததும் முதலில் எந்தெந்தக் குழாயில் மருந்து செலுத்தினார்கள் என்று எண்ணுங்கள். ரத்தக்கசிவோடு நடுராத்திரி வந்தவருக்கு அவசரத்தில் ஒரு பக்கத்து முதுகெலும்புத் தமனியைப் படம் எடுக்காமல் விட்டிருக்கலாம். அந்தப் பக்கம் 'இல்லை' என்று சொல்ல அங்கே படமே இருக்காது. குழாய் சுருங்கிக் கிடந்த நாளில் எடுத்த படத்தையும் நம்பிவிடாதீர்கள். சின்னப் புடைப்பு அதில் நிரம்பாமல் ஒளிந்திருக்கும். அப்புறம், இரண்டு படத்தையும் நீங்களே அளங்கள். அன்று வேறொருவர் வேறு மெஷினில் அளந்த எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழித்து 'வளர்ச்சி' என்று எழுதாதீர்கள்.

கிளிப் போட்டவருக்கு எம்.ஆர்.ஏ.வோடு நிறுத்திக்கொள்வது

கிளிப்பைச் சுற்றிக் கறுப்புக் குழிதான் தெரியும். அவருக்கு சி.டி. ஆஞ்சியோ எடுங்கள். காயில் போட்டவருக்கு இது தலைகீழ்: சி.டி.யில் ஒளிக்கீற்று சிதறி எல்லாவற்றையும் மறைக்கும், எம்.ஆர்.ஏ. தெளிவாக வரும்.

கழுத்துத் தமனியை அடைத்த கேஸை மறப்பது

ராட்சத அனியூரிசத்துக்காக ஒரு பக்கத்துத் தமனியையே மூடியிருந்தால், அந்தப் பக்கத்துக்குப் போகும் ரத்தம் மறுபக்கத்திலிருந்து முன் இணைப்புத் தமனி வழியாகக் கடக்கும். வருடக்கணக்கில் கூடுதல் பாரம் தாங்கும் அந்த இடத்தில் புதிதாகப் புடைக்கலாம். அங்கே இரண்டு முறை பாருங்கள்.

கூம்பைப் புடைப்பு என்பது

பின் இணைப்புத் தமனி தொடங்கும் இடத்தில் 3 மி.மீ.க்குள் கூம்பு வடிவம், உச்சியிலிருந்து கிளை புறப்பட்டால் அது இயல்பு.

பீடி, சிகரெட், பி.பி. பற்றிக் கேட்காமல் விடுவது

கேளுங்கள்.

'குணமாகிடுச்சு, இனி வர வேண்டாம்'

சொல்லாதீர்கள்.

அந்த மாணவர் நோயாளியின் மருமகனுக்கு போன் போட்டு, மறுநாள் பழைய டிஸ்க்கோடு வந்தார். இருவரும் உட்கார்ந்து எல்லாக் கோணத்திலும் ஓட்டிப் பார்த்தோம். அந்த இடத்தில் சுவர் வழவழப்பாக இருந்தது. இந்த முறை நிஜமாகவே புதிதுதான். ரிப்போர்ட்டில் எதையும் மாற்றவில்லை. எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டோம் என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்தார்.