எழுத்து முடிந்தாலே கலியாணம் முடிந்ததுதான்: விவாகரத்துக்கு வெளிக்கிடுகிறவர்கள் விடும் பிழைகள்

சொப்பிங் பையொன்றுக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார் அந்த ஐயா. மகளும் மருமகனும் கையெழுத்து வைத்து, சமாதான நீதவான் ஒருவர் முத்திரை குத்திய தாள். "நாங்கள் இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஒருவர்மீது ஒருவருக்கு எந்த உரித்தும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. "ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சிட்டினம் தம்பி, இனி என்ன கிடக்கு, கோட்டில பதிஞ்சு விட்டாச் சரிதானே?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி ஒருவரிடம் இலிகிதராக இருக்கிற எனக்கு இந்த மாதிரித் தாளைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தத் தாளால் விவாகரத்துக் கிடைக்காது என்பதோடு கதை நின்றால் பரவாயில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில், கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் துணைக்குத் தாபரிப்புக் கட்டளை கொடுக்க முடியாது என்று இருக்கிறது. கைவிடப்பட்டு நிற்கிற மகளுக்கு மாதாமாதம் வரவேண்டிய காசைத் தகப்பனே கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைக்கச் செய்து மறித்துவிட்டார். பிள்ளைகளுக்கான தாபரிப்பை அந்தத் தாள் தொடாது, அது ஒன்றுதான் ஆறுதல். ஆகவே சட்டத்தரணியைக் காண முன்னர், யார் எவ்வளவு நல்ல மனதோடு எழுதித் தந்தாலும், ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பாதிக்குப் பாதி சின்னத்திரையிலிருந்துதான். இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் இருவரும் ஒத்துப்போய் மனுப் போட்டு விவாகரத்து வாங்க வழி இருக்கிறது, அதைத் தொடர்களிலும் யூடியூபிலும் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வருகிறார்கள். இலங்கையில் கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்தவர்களுக்குச் சம்மதத்தோடு பிரிய இடமுண்டு, முஸ்லிம்களுக்குக் காதி நீதிமன்றம் தனியாக இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். அதில் இருப்பது மூன்றே மூன்று காரணங்கள்: கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு வைத்தது, கெட்ட நோக்கோடு கைவிட்டது, கலியாணம் நடந்த நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை. "ஒத்துவரவில்லை" என்பது இந்த மூன்றிலும் இல்லை. ஒருவர் வழக்காளி, மற்றவர் எதிராளி, ஒரு பக்கம் பிழை இருக்க வேண்டும், அதை ஒப்புவிக்கவும் வேண்டும். இரு வீட்டாரும் சேர்ந்து கதை கட்டி வருகிறார்கள் என்று நீதிபதிக்குத் தெரிந்தால் வழக்கைத் தள்ளிவிடலாம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் இதற்குள் வராது, அது ஆதனத்துக்கு மட்டும்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு நம்பிக்கை ஏழு வருடக் கதை. "ஏழு வருசம் பிரிஞ்சிருந்தா தானாக் கழண்டிடும்" என்று சந்தைக்குப் போகிற இடத்திலும் சொல்வார்கள். ஒன்றும் தானாகக் கழராது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 608ஆம் பிரிவில் ஏழு வருடப் பிரிவைப் பற்றி வருவது உண்மைதான். ஆனால் பிரிந்திருந்தால் மட்டும் போதுமா, பிழையையும் காட்ட வேண்டுமா என்பதில் மேன்முறையீட்டு நீதிமன்றமே 1980களில் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதை நம்பி ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டு வந்தால், அதற்குள் சாட்சிகள் வெளிநாடு போயிருப்பார்கள், விதானையார் மாறியிருப்பார், கடிதங்கள் கறையான் தின்றிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய பிழை ஒன்று இருக்கிறது, அது எழுத்து, அதாவது கலியாணப் பதிவு. வெளிநாட்டு மாப்பிள்ளை இரண்டு கிழமை லீவில் வருவார், விசா அலுவலுக்காகப் பதிவாளரை வீட்டுக்குக் கூப்பிட்டு எழுத்தை முடிப்பார்கள், தாலி கட்டுவது அடுத்த வருடம் என்று பேச்சு. இடையில் ஏதோ காதில் விழுந்து சம்பந்தம் குழம்பிவிடும். "தாலி ஏறேல்லத்தானே, எழுத்துத்தானே" என்று சொல்லிப் பெண்ணுக்கு வேறு இடத்தில் பேசத் தொடங்குவார்கள். எழுத்து என்று நீங்கள் சொல்வதைத்தான் சட்டம் கலியாணம் என்கிறது! பதிவேட்டில் கையெழுத்து வைத்த அந்த நிமிடமே அவள் மனைவி. அதைக் கழற்ற மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். போகாமல் இரண்டாவது எழுத்துக்குப் போய் "மணமாகாதவர்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கலியாணமும் செல்லாது, அதற்கு மேல் குற்றவியல் வழக்கும் வரலாம். இதையே திருப்பிப் போட்ட பிழையும் உண்டு. கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் வாழ்ந்தவர்கள், பதியாததால் விவாகரத்துத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். வழக்கப்படி சடங்கு செய்து நடந்த கலியாணத்தையும் எங்கள் நீதிமன்றங்கள் ஏற்கும், பதிவு அதற்கு நல்ல சான்று, அவ்வளவுதான்.

சரி, வழக்குப் போடுவதென்று முடிவெடுத்தாயிற்று. எங்கே போடுவது? வழக்காளி வசிக்கிற இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில். கலியாணம் பதிந்த இடம் முக்கியமில்லை. வடமராட்சியில் தாயோடு இருக்கிற பெண் பருத்தித்துறையில் போடலாம், அதற்காக யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறத் தேவையில்லை. தாபரிப்புக் கேட்பதென்றால் நீதவான் நீதிமன்றம், அது வேறு வழக்கு. விவாகரத்து முடியட்டும் என்று காத்திருக்காமல் முதலே போடலாம். அடி உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளையும் நீதவானிடம்தான். காசில்லை என்று பின்வாங்குகிறவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் வருமான விபரத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

அடி தாங்காமல் இரவோடு இரவாகத் தாய் வீட்டுக்குப் போகிற பெண்கள் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு முறைப்பாடும் இல்லாமல் போனால், "என்னைக் கைவிட்டுப் போனவள் அவள்" என்று கணவரே முந்தி வழக்குப் போடுவார். தன் நடத்தையால் துணையை வீட்டை விட்டு ஓடவைத்தவரைத்தான் கைவிட்டவராகச் சட்டம் பார்க்கும். ஆனால் அதை ஒப்புவிக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை அறிக்கை, அழுதுகொண்டு வந்த இரவில் கண்ட அயலவர் என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். குடும்ப மானம் என்று சொல்லி முறைப்பாட்டைத் தடுக்கிற மாமன்மாரிடம் எனக்குக் கோபம்தான், வேறென்ன சொல்ல. போனில் உள்ள மெசேஜ்களையும் அழிக்காதீர்கள், விளக்கத்தன்று, அதாவது வழக்கு விசாரிக்கிற நாளில், போனைத் தூக்கிக் காட்டினால் சாட்சியம் ஆகாது, அவற்றை முன்கூட்டியே மற்றப் பக்கத்துக்கு அறிவித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் சட்டத்தரணியிடம் நேரத்தோடு கொடுங்கள். வேறொருவரோடு உறவு என்று குற்றம் சாட்டுவதாக இருந்தால் அந்த ஆளையும் பொதுவாக இணை எதிராளியாகச் சேர்க்க வேண்டும். தெரிந்த பிறகும் மன்னித்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அதே சம்பவத்தைத் திரும்பக் கிளற முடியாது.

இனி, கெட்டித்தனம் என்று நினைத்துச் செய்கிற பெரிய பிழை. எதிராளியின் சரியான விலாசம் தெரிந்தும், அழைப்பாணை அவர் கையில் கிடைக்காதபடி பழைய விலாசத்தைக் கொடுப்பது. அழைப்பாணை கொண்டு போகிற நீதிமன்ற அலுவலரான பிஸ்கால் போவார், ஆளில்லை என்று அறிக்கை வரும், பிறகு வேறு வழியில் அழைப்பாணை சேர்த்ததாகக் காட்டி, ஒருதலைப்பட்சமாக விளக்கம் நடந்து தீர்ப்பும் வரும். சந்தோசம்தான். ஆனால் அந்தத் தீர்ப்பாணை எதிராளிக்குச் சேர்ந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அவர் வந்து, தனக்கு அழைப்பாணை கிடைக்கவில்லை என்று காட்டினால் எல்லாம் கவிழும். நீங்கள் அதற்குள் மறுமணம் செய்து ஒரு பிள்ளையும் பிறந்திருந்தால்? ரொறன்ரோவிலோ பாரிஸ் லாச்சப்பலிலோ இருக்கிற ஆளென்றால் அந்த விலாசத்தையே கொடுங்கள், வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்ப நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். நாலு தவணை கூடப் போகும், போகட்டும். அழைப்பாணை கிடைத்த பக்கத்துக்கும் இதே புத்திதான், வாங்க மறுத்துக் கதவைச் சாத்தினால் வழக்கு நிற்காது, உங்கள் பக்கக் கதையைக் கேட்காமலே முடியும். வெளிநாட்டில் இருந்துகொண்டு தனக்காக அலுவல் பார்க்கத் தாய்க்கு அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் கவனியுங்கள், உங்கள் கலியாணத்துக்குள் என்ன நடந்தது என்று உங்கள் தாயால் சாட்சியம் சொல்ல முடியாது.

ஆதனம். இதில்தான் தேசவழமை வருகிறது. ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தது, இன்றும் வடக்கில் காணி உறுதிகளில் உயிரோடு இருக்கிறது. சீதனமாக வந்த காணி பெண்ணுடையதுதான், ஆனால் யாழ்ப்பாணத்துக்கான 1911ஆம் ஆண்டின் விவாக உரிமைக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்க முடியாது, பிரிந்திருந்தாலும் முடியாது, கலியாணம் சட்டப்படி முடியும்வரை. அவர் வேண்டுமென்று மறித்தாலோ கைவிட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம், இது பலருக்குத் தெரியாது. கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியது தேடியதேட்டம், அதாவது இருவருக்கும் பங்குள்ள சொத்து. சீதனக் காசாலோ நகையை விற்ற காசாலோ வாங்கியிருந்தால் அது தேடியதேட்டத்துக்குள் வராது, ஆனால் பவுண் விற்ற ரசீது எங்கே என்று கேட்பார்கள். வீட்டையும் நகையையும் "பிறகு பார்ப்பம்" என்று விடாமல் முதல் வழக்கிலேயே கேளுங்கள். விட்டால் பிறகு அதற்கென்று தனி வழக்குப் போட்டு அலைய வேண்டும்.

வழக்கு எழுதிக் கையெழுத்துக்கு வரும்போது வாசித்துப் பாருங்கள். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ், விளங்காத வரி இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. திகதி பிழைத்து, பிள்ளையின் பெயர் மாறி, ஏன், தாலி கட்டிய கோயிலே மாறி வந்ததைக் கண்டிருக்கிறேன். அதைக் குறுக்கு விசாரணையில்தான் கண்டுபிடித்தார்கள்.

கடைசியாக, தீர்ப்பு வந்த அன்றே மண்டபம் புக் பண்ணுகிறவர்களுக்கு. முதலில் வருவது டிக்கிரி நைசை என்கிற இடைக்காலத் தீர்ப்பாணை, அது பாதிதான். குறைந்தது மூன்று மாதம் போய், மறுப்பு ஒன்றும் வராவிட்டால்தான் அது முற்றானதாக மாறும். போன தை மாதத்தில் ஒரு தம்பி நைசைப் பிரதியோடு பதிவாளரிடம் போய்த் திரும்பி வந்தார், கார்ட்டும் அடித்தாயிற்று, ஐயரும் பேசியாயிற்று. முற்றான தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதியைப் பதிவகத்தில் எடுக்கும்போது ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வையுங்கள், தூதரகத்துக்கு ஒன்று, பதிவாளருக்கு ஒன்று, அலுமாரியில் ஒன்று.