கல்வெட்டில் உள்ள குலோத்துங்கன் எந்தக் குலோத்துங்கன் என அறியும் முறை

கோயில் சுவரில் 'குலோத்துங்க சோழதேவர்' என்ற பெயரைக் கண்டவுடன் காலத்தைக் குறித்துவிடக் கை துடிக்கும். ஆனால் அப்பெயரில் மூவர் ஆண்டிருக்கிறார்கள். முதலாமவர் அரியணை ஏறிய 1070-க்கும் மூன்றாமவரின் ஆட்சி முடிந்த 1218-க்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் உள்ளன. இராசராசன் என்ற பெயரும் அவ்வாறே மூவருக்கு உரியது. ஆகவே பெயரை ஒதுக்கிவைத்து, அதைச் சுற்றியுள்ள சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் பட்டத்தைப் பாருங்கள். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். குலோத்துங்கர்களில் முதல் இருவரும் இராசகேசரி, மூன்றாமவர் பரகேசரி. இராசராசர்களில் இரண்டாமவர் மட்டுமே பரகேசரி.

அடுத்தது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழையும் வெற்றிகளையும் பாடும் பகுதி; என் மதிப்பீட்டில் இதுவே மிக உறுதியான சான்று. 'திருமகள் போல' என்று தொடங்கினால் அது முதலாம் இராசராசன். 'பூமருவிய திருமாதும் புவிமாதும்' என்றால் இரண்டாமவர். 'சீர்மன்னி இருநான்கு திசை' என்றால் மூன்றாமவர். 'புகழ்மாது விளங்க', 'புகழ்சூழ்ந்த புணரி' ஆகியவை முதலாம் குலோத்துங்கனையும், 'புயல்வாய்த்து வளம்பெருக' மூன்றாமவரையும் காட்டும். 'பூ' என்று தொடங்குபவை பல அரசர்களுக்கு இருப்பதால், அங்கே முதற்சொல்லோடு நிற்காமல் அடி முழுவதையும் படித்தாக வேண்டும். தொடக்கம் சிதைந்திருந்தால் வெற்றிப் பட்டியலைத் தேடுங்கள்: மதுரையும் பாண்டியன் முடித்தலையும் கொண்டவர் என்ற தொடர் மூன்றாம் குலோத்துங்கனுக்கு உரியது.

ஆட்சியாண்டும் உதவும். முதலாம் குலோத்துங்கன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் என்பதால், 45 என்ற எண் மற்ற இருவரையும் விலக்கிவிடும். சிறிய எண்களால் இப்பயன் இல்லை.

மெய்க்கீர்த்தியே இல்லாமல் 'கோவிராசகேசரி' என்று மட்டும் நிற்கும் முற்காலக் கல்வெட்டுகளே உண்மையில் கடினமானவை. முதலாம் ஆதித்தன், கண்டராதித்தன், சுந்தர சோழன், ஆட்சித் தொடக்கத்து இராசராசன் ஆகிய நால்வருக்கும் அது பொருந்தும். இங்கே எழுத்தமைதியோடு (எழுத்துகளின் வடிவத்தோடு), உடன் வரும் மனிதர்களையும் ஊர்ப்பிரிவுகளையும் ஆராய வேண்டும். வளநாடு என்னும் பிரிவுகளை வகுத்தவர் முதலாம் இராசராசன் என்பதால், க்ஷத்ரியசிகாமணி வளநாடு போன்ற பெயர் வந்தால் அவருக்கு முந்தைய மூவரும் விலகுவர். செம்பியன் மாதேவியாரைக் கண்டராதித்தரின் தேவியாகக் குறிக்கும் கல்வெட்டை ஆதித்தன் காலத்துக்குக் கொண்டுசெல்ல முடியாது. அதிகாரிகள் அரசனின் பெயரைத் தம் பட்டத்தில் ஏற்பது வழக்கமாதலால், 'இராசராச மூவேந்தவேளான்' போன்ற பெயரும் நல்ல தடயம். நாள்மீன், திதி, கிழமை மூன்றும் இருந்தால் பஞ்சாங்கக் கணக்கால் தேதியையே சரிபார்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் முடிவு கிட்டாவிட்டால், 'இராசகேசரி ஒருவர், 12-ஆம் ஆட்சியாண்டு' என்று மட்டும் எழுதி, கல்லில் உள்ள வாசகத்தை எழுத்து மாறாமல் படியெடுத்து வையுங்கள். அதே கோயிலின் வேறொரு சுவரில் அதே கொடையாளியின் பெயர், மெய்க்கீர்த்தியோடு கூடிய கல்வெட்டில் பின்னர் கிடைக்கக்கூடும்.