தேற்றம் 3.4(2): லேடெக்கில் உட்பிரிவைச் சுட்டும்போது நேரும் தவறுகள்

மதுரைப் பக்கம் கணித ஆய்வேட்டை லேடெக்கில் (கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள்) தயாரிப்பவர்களில் தேற்ற எண்ணைக் கையால் எழுதுவோர் இப்போது குறைவு. தேற்றத்துக்கு லேபிள் என்ற கட்டளையால் ஒரு பெயர் வைத்து, ரெஃப் என்ற கட்டளையால் அந்தப் பெயரைச் சுட்டி எண்ணை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தேற்றத்தின் இரண்டாம் பகுதியைச் சொல்ல வேண்டி வந்தால், ரெஃப்புக்குப் பக்கத்தில் ‘(2)’ என்று கையாலேயே தட்டிவிடுகிறார்கள். முதல் பிழையே இதுதான்.

தேற்றம் 3.4 ஒரு கோட்டுருவைப் (முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட அமைப்பு) பற்றியது என்று வைத்துக்கொள்வோம். பின்வருவன சமானமானவை: (1) அது ஒரு மரம். (2) எந்த இரு முனைகளுக்கிடையிலும் ஒரே ஒரு பாதைதான் உண்டு. (3) அது இணைந்தது, விளிம்புகளின் எண்ணிக்கை முனைகளைவிட ஒன்று குறைவு. நெறியாளர் படித்துவிட்டு, ‘இணைந்தது, எந்த விளிம்பை நீக்கினாலும் துண்டாகிவிடும்’ என்ற கூற்றை இரண்டாவதாகச் சேர்க்கச் சொல்கிறார். சேர்த்ததும் பழைய (2) இப்போது (3). ஐந்தாம் அத்தியாயத்தில் கையால் தட்டிய 3.4(2) மட்டும் அப்படியே நிற்கும். லேடெக் எச்சரிக்காது. அந்த எண்ணில் ஒரு கூற்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது வேறு கூற்று. லேபிள் கிடைக்காத ரெஃப்புக்கு வருவதுபோல் இரட்டைக் கேள்விக்குறி விழுந்திருந்தால் நமக்கே தெரிந்திருக்கும். இது புறத்தேர்வாளர் சொல்லித்தான் தெரியவரும்.

பட்டியலின் ஒவ்வொரு கூற்றுக்கும், அதாவது ஒவ்வொரு ஐட்டத்துக்கும், தனி லேபிள் வையுங்கள். லேடெக்கின் வழக்கமான எண்பட்டியலான வெறும் எனுமரேட்டில் அதற்கு ரெஃப் கொடுத்தால் ‘2’ மட்டுமே வரும்; அடைப்புக்குறியும் வராது, தேற்ற எண்ணும் வராது. பட்டியலின் தோற்றத்தை மாற்ற உதவும் எனுமைட்டம் தொகுப்பைச் சேர்த்து, பட்டியலின் லேபிள் வடிவத்தை (தாளில் அச்சாகும் எண்ணின் வடிவம்) அடைப்புக்குறியோடு அமைத்தால் ரெஃப்பும் ‘(2)’ என்றே தரும். அதன்பின் இரண்டு ரெஃப்களை இடைவெளியில்லாமல் ஒட்டி எழுதினால் 3.4(2) கிடைத்துவிடும். எனுமைட்டத்தின் ரெஃப் அமைப்பிலேயே தேற்ற எண்ணைச் சேர்ப்பவர்களும் உண்டு. தவறில்லை, ஆனால் நிரூபணத்துக்குள் ‘(2) எனில் (3)’ என்று எழுத வேண்டிய இடமெல்லாம் ‘3.4(2) எனில் 3.4(3)’ என்று நீளும். சமானக் கூற்றுகள் நிறைந்த ஆய்வேட்டுக்கு ஒட்டி எழுதுவதே நல்லது. அதற்கு ஒரு சிறு கட்டளை வரையறுத்துக்கொள்ளலாம். லேபிள் பெயரை எண்ணால் வைக்காதீர்கள்: ‘மரம்-2’ நாளைக்குப் பொய்யாகிவிடும், ‘மரம்-ஒரேபாதை’ என்றைக்கும் பொருந்தும்.

அடுத்தது லேபிளின் இடம். லேபிள் தனக்கு முன்னால் கடைசியாக ஏறிய எண்ணைத்தான் பிடிக்கும். ஐட்டத்துக்கு முன்னால் வைத்தால், முதல் ஐட்டமாக இருந்தால் தேற்ற எண், மற்றபடி முந்தைய ஐட்டத்தின் எண். பட்டியலின் எண்கள் பட்டியலுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், அது முடிந்தபின் வைத்தாலும் தேற்ற எண்தான். ஆகவே ஐட்டம் என்ற கட்டளையை ஒட்டியே எழுதுங்கள்.

இதே காரணத்தால் வரும் இன்னொரு வலை, சதுர அடைப்புக்குள் நாமே எண் எழுதுவது. (3)-க்குப் பின் ‘(3*)’ வேண்டுமென்று ஐட்டத்துக்குச் சதுர அடைப்பில் கொடுத்தால் தாளில் சரியாகத்தான் தெரியும். ஆனால் ஐட்டங்களின் எண்ணைக் கணக்கிடும் எண்ணி (கவுண்டர்) ஏறவில்லை. அங்கே வைத்த லேபிள் முந்தைய (3)-ஐயே தரும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல். அந்த ஒரு கூற்றையாவது சாதாரண ஐட்டமாக மாற்றி, வரிசை எண்ணை ஏற்றுக்கொள்வதே பத்திரம்.

தேற்றத்தின் உள்ளே எழுத்து சாய்ந்திருப்பதால் ‘(2)’-உம் சாயும். நேராக்க வேண்டுமானால் எனுமைட்டத்தின் ஃபான்ட் அமைப்பில் சொல்லுங்கள். லேபிள் வடிவத்துக்குள்ளேயே எழுதினால் அது ரெஃப்போடும் சேர்ந்து போகும்.

சுட்டும் எண்ணோடு ‘தேற்றம்’ போன்ற பெயரையும் தானே சேர்க்கும் கிளெவர்ரெஃப் தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு: அது ஐட்டத்தைத் தேற்றமாகப் பார்க்காது, ‘ஐட்டம்’ என்றே பெயரிடும். தேற்றத்துக்கெனத் தனிப் பட்டியல் வகை உருவாக்கி, அதன் எண்ணிக்குத் தேற்றம் என்று மாற்றுப்பெயர் கொடுக்க வேண்டும். அதே பட்டியலைத் துணைத்தேற்றத்திலும் போட்டால் அங்கும் ‘தேற்றம்’ என்றே அச்சாகும்; துணைத்தேற்றத்துக்கு வேறு பட்டியல் வேண்டும். ஏற்றும் வரிசை முக்கியம்: (சுட்டுகளைச் சொடுக்கும் இணைப்புகளாக்கும்) ஹைப்பர்ரெஃப், அதன்பின் கிளெவர்ரெஃப், அதற்கும் பின்னால்தான் தேற்ற வரையறைகள்.

பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் லேடெக்கைக் குறைந்தது இருமுறை ஓட்டி, அது எச்சரிக்கைகளைப் பதிவு செய்யும் லாக் கோப்பில் ஒரே லேபிள் பலமுறை வந்ததாக எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு தேற்றத்தை நகலெடுத்து இன்னொன்றாக மாற்றும்போது உட்பிரிவு லேபிள்களை மாற்ற மறந்திருந்தால் அது அங்கேதான் தெரியும். அப்படிப்பட்ட லேபிளுக்கான ரெஃப் எல்லாம் கடைசியாக வந்த இடத்தையே காட்டும்.