பேட்ச் ஃபைல் சொன்ன பதிலை உங்கள் இன்ஸ்டாலர் கேட்டதா?

குலசேகரத்தில் ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்டாலரை பென்டிரைவில் கொடுத்துவிட்டு வந்தாயிற்று, கடைக்கார அண்ணனே அதை ஓட்டிவிட்டு "எல்லாம் முடிஞ்சுதுன்னு காட்டிச்சு தம்பி" என்று போன் போட்டார். சாயங்காலம் மறுபடி போன்: "ஒண்ணும் தெறக்கல்லியே." மறுநாள் வடசேரியில் பஸ் ஏறி, மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தால் பின்னணியில் ஓட வேண்டிய டேட்டாபேஸ் சர்வீஸ் எழும்பவே இல்லை. அதை எழுப்ப வேண்டியது என் பேட்ச் ஃபைல், அதாவது விண்டோஸ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஸ்கிரிப்ட். இன்ஸ்டாலர் அதை ஓட்டியது, ஆனால் அது என்ன ஆனது என்று கேட்கவில்லை, கேட்கச் சொல்லி நான் எழுதவும் இல்லை.

இன்ஸ்டாலர் தயாரிக்க நான் பயன்படுத்துவது இன்னோ செட்டப் என்ற கருவி. அதன் ரன் பகுதியில் ஒரு பேட்ச் ஃபைலைப் போட்டால் அது ஓடும், அவ்வளவுதான். வெற்றி என்று 0-வில் முடிந்தாலும், தோல்வி என்று 5-ல் முடிந்தாலும் இன்ஸ்டாலருக்கு ஒன்றுதான். பதில் வேண்டுமென்றால் கோட் பகுதிக்குப் போய் எக்ஸெக் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இதில் இரண்டு பதில் வரும், பலரும் குழம்புவது இங்கேதான். எக்ஸெக் திருப்பித் தரும் சரி/தவறு, ஃபைலைத் தொடங்க முடிந்ததா என்பதை மட்டும் சொல்லும். ஸ்கிரிப்ட் ஜெயித்ததா தோற்றதா என்பது கடைசியாகக் கொடுக்கும் ரிசல்ட் கோட் மாறியில் வரும், அதுவும் 'முடியும்வரை காத்திரு' என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும். காத்திருக்காமல் விட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அந்த எண் உண்மை பேசுகிறதா? என் ஸ்கிரிப்டில் சர்வீஸைத் தொடங்கும் வரி தோற்றிருந்தது, அதற்குப் பிறகு ஒரு காப்பி வரி இருந்தது, அது நன்றாக ஓடி எரர்லெவலை (கடைசிக் கட்டளையின் முடிவு எண்ணை) 0 ஆக்கிவிட்டது. ஆகவே முக்கியமான வரி முடிந்த கையோடு சோதித்து, தோற்றிருந்தால் அங்கேயே எக்ஸிட், சாய்கோடு பி, உங்கள் சொந்த எண் என்று போட்டு வெளியே வந்துவிடுங்கள். நான் 21 என்றால் சர்வீஸ் பதிவாகவில்லை, 22 என்றால் தொடங்கவில்லை, 23 என்றால் அனுமதி இல்லை என்று வைத்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் இஃப் தொகுதியில் இரண்டு % குறிக்கு நடுவே எரர்லெவலை எழுதினால் பழைய எண்ணே வரும், ஏனென்றால் தொகுதி முழுவதையும் ஒரே மூச்சில் படித்து, மாறிகளுக்கு மதிப்பு போட்ட பிறகுதான் ஓட்டும். அங்கே டிலேய்ட் எக்ஸ்பேன்ஷனை (வரி ஓடும்போது மதிப்பு போடும் வசதியை) இயக்கிவிட்டு ! குறி போட வேண்டும், இல்லையென்றால் சோதனையைத் தொகுதிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். நான் செய்வது இரண்டாவது.

0 அல்லாதது எல்லாம் தோல்வி என்றும் எழுதிவிடாதீர்கள். ஃபைல்களை நகலெடுக்கும் ரோபோகாப்பி 1 என்று சொன்னால் ஃபைல்கள் போய்ச் சேர்ந்தன என்று அர்த்தம், 8-லிருந்துதான் தகராறு. சர்வீஸைத் தொடங்கும் எஸ்சி ஸ்டார்ட் கட்டளை 1056 தந்தால் சர்வீஸ் ஏற்கெனவே ஓடுகிறது, நமக்கு நல்லதுதான். அதே எஸ்சி ஸ்டார்ட், சர்வீஸ் முழுசாக எழும்பும் முன்பே 0 தந்துவிட்டுப் போய்விடும். அதே வேலைக்கான நெட் ஸ்டார்ட் கட்டளைதான் நின்று பார்க்கும்.

அப்புறம், பாஸ் (pause, ஒரு கீயை அழுத்தும்வரை நிறுத்தி வைப்பது) என்ற வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். விண்டோவை மறைத்து ஓட்டும்போது, யாரும் அழுத்த முடியாத ஒரு கீக்காக ஸ்கிரிப்ட் காத்திருக்கும், இன்ஸ்டாலர் ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்கும். ஒரு தடவை இதைத் தெரியாமல் ஒரு சாயா குடித்துவிட்டு வரும்வரை பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண் போதாது, ஸ்கிரிப்ட் அச்சிட்ட எழுத்தும் வேண்டும் என்றால் சிஎம்டியை (விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் நிரலை) சாய்கோடு சி-யோடு கூப்பிட்டு, வெளியீட்டை > குறியால் டெம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்குத் திருப்பி, பின்னால் 2>&1 சேருங்கள், அப்போதுதான் பிழைச் செய்திகளும் வரும். பாதையில் இடைவெளி இருந்தால் பாதைக்கு ஒரு மேற்கோள், சாய்கோடு சி-க்குப் பின்னால் வரும் மொத்தத்துக்கும் இன்னொரு மேற்கோள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதுதான் சரி, வெளி மேற்கோளை சிஎம்டியே உரித்துப் போட்டுவிடும். பிறகு இன்னோ செட்டப்பின் லோட் ஸ்ட்ரிங் ஃப்ரம் ஃபைல் ஃபங்ஷன் கொண்டு அந்த ஃபைலைப் படிக்கலாம். அந்த ஃபைலில் தமிழ் எழுத வேண்டாம், கோட் பேஜ் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) சண்டையில் கேள்விக்குறியாகத்தான் வரும். ஸ்கிரிப்ட் எண்ணை மட்டும் சொல்லட்டும், அதற்கான தமிழ்ச் செய்தியை இன்ஸ்டாலர் பக்கம் வையுங்கள்.

எக்ஸெக்கை எங்கே கூப்பிடுவது? நிறுவும் முன்பே தடுக்க வேண்டுமென்றால் ப்ரிப்பேர் டு இன்ஸ்டால் ஃபங்ஷனில். அதில் காலியில்லாத ஒரு வாக்கியத்தைத் திருப்பிக் கொடுத்தாலே நிறுவல் நின்று, அந்த வாக்கியம் திரையில் வரும். ஃபைல்கள் அப்போது இடத்தில் இருக்காது, அதனால் ஸ்கிரிப்டைத் தற்காலிகமாகப் பிரித்தெடுத்துக்கொள்ள வேண்டும். என் கேஸில் சர்வீஸுக்கு ஃபைல்கள் தேவை, ஆகவே ஃபைல்கள் போய்ச் சேர்ந்த பிறகு வரும் போஸ்ட் இன்ஸ்டால் கட்டத்தில் ஓட்டி, எண்ணோடு ஒரு செய்திப் பெட்டி காட்டுகிறேன். இப்போது குலசேகரத்திலிருந்து "தம்பி, 23-ன்னு காட்டுது" என்று போன் வந்தால், ரைட் கிளிக் பண்ணி அட்மினாக ஓட்டச் சொல்கிறேன், பஸ் ஏறுவதில்லை.

என்எஸ்ஐஎஸ் என்ற இன்னொரு இன்ஸ்டாலர் கருவியைப் பயன்படுத்தும் ஆட்கள் என்எஸ்எக்ஸெக் பிளக்இன்னில் எக்ஸெக் டு ஸ்டாக் பார்க்கவும்: முதல் பாப்பில் (ஸ்டாக்கின் மேலிருந்து ஒன்றை எடுப்பதில்) எண், இரண்டாவதில் எழுத்து, வழக்கமான பில்டில் 1024 எழுத்துக்கு மேல் வராது.

வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே வேண்டுமென்று 22 போட்டு வெளியேற வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெட்டி வரவில்லையென்றால் இன்னும் எங்கேயோ காது அடைத்திருக்கிறது.